ஒரு திருத்தச் சீட்டின் வரலாறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் பேசக் கேட்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு ரயில்வே எழுத்தன் நின்று பேச முற்படுவது துணிவான செயலே. ஆயினும் எனக்குத் தெரிந்த தொழிலை விட்டு நான் விலகிப் பேசப் போவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் விதிப் புத்தகங்கள் உண்டு. அவற்றில் ஏதேனும் ஒரு சொல்லை மேலிடம் மாற்றினால், புதிய புத்தகம் அச்சாகி வராது. ஒரு சிறு திருத்தச் சீட்டு வரும். ‘கரெக்ஷன் சிலிப்’ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். உரிய பக்கத்தில் பசை தடவி அதை ஒட்டிவைப்பது எழுத்தரின் வேலை. பார்ப்பதற்கு இரண்டு விரல் அகலத் தாள். ஆனால் அந்தச் சீட்டில் ‘மனைவி, மக்கள்’ என்பதோடு ‘விதவைத் தாய்’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்தால், எங்கோ ஒரு கிழவிக்குப் பாஸ் கிடைக்கும். மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும். ஒரு சொல்லின் எடை என்ன என்பதை எழுத்தனைப் போல் அறிந்தவர் எவரும் இலர்.

அத்தகைய ஒரு சீட்டின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது நம் நாட்டுச் சீட்டன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துச் சீட்டு. அதில் இருந்தது ஒரே சொல்: பாலீர்ப்பு. அச்சொல்லை நகரத்தின் சட்டப் புத்தகத்தில் ஒட்டுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்து வந்திருக்கின்றனர். தன்பாலீர்ப்பு உடையோர் என்று அவர்களை இன்று குறிப்பிடுகிறோம். நம்பி, நங்கை என்னும் அழகிய சொற்களும் அவர்களுக்கு இப்போது வழங்குகின்றன. இப்பொருளைக் குடும்பங்கள் கூடியுள்ள சபையில் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். நான் பேசப்போவது வேலையைப் பற்றியும் குடியிருக்கும் வீட்டைப் பற்றியும். இவ்விரண்டையும் விடக் குடும்பத்துக்கு நெருங்கிய பொருள் வேறு எது?

முதலில் அந்நகரத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். தனியார் வீடுகளை வாடகைக்கு விடும்போது நிறமும் மதமும் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்த நகரம் நியூயார்க். அது நிகழ்ந்தது 1957இல். பாகுபாட்டுப் புகார்களை விசாரிப்பதற்கென்றே அங்கு மனித உரிமை ஆணையம் ஒன்றும் இருந்தது. நிறம், மதம், பிறந்த நாடு முதலிய காரணங்களால் ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்டால் அவர் அங்கே சென்று முறையிடலாம். ஆனால் அந்தப் பட்டியலில் தன்பாலீர்ப்பு உடையோர்க்கு இடம் இல்லை.

பட்டியலில் இடமின்றி வாழ்வது எத்தகையது என்பதைச் சிறிது காண்போம். 1953ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிறப்பித்த ஆணை ஒன்றின்கீழ், இத்தகையோர் மத்திய அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் என்று கருதப்பட்டு விலக்கப்பட்டனர். வான்சாஸ்திரத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்ற பிராங்க் காமினி என்பார், ராணுவத்தின் நிலப்படத் துறையிலிருந்து 1957இல் அவ்வாறு நீக்கப்பட்டார். அவர் வேலையில் குறை கண்டவர் எவருமில்லை. ஓர் அரசு ஊழியனுக்கு இதைவிடக் கொடிய செய்தி உண்டோ?

நியூயார்க் நகரத்திலோ, இவர்கள் நாலுபேராகக் கூடி அமரவும் இடமில்லை. மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கும் மாநில நிர்வாகம், இவர்கள் கூடும் கடைகளை ஒழுங்கற்ற இடங்கள் என்று கூறி உரிமத்தைப் பறித்து வந்தது. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மாட்டசின் சங்கத்தைச் சேர்ந்த சிலர் கோட்டும் டையும் அணிந்து ‘ஜூலியஸ்’ என்னும் கடைக்குச் சென்றனர். “நாங்கள் தன்பாலீர்ப்பு உடையவர்கள், ஒழுங்காக நடந்துகொள்வோம், எங்களுக்குப் பரிமாறுங்கள்” என்ற கருத்தில் வேண்டினர். கடைக்காரர் கோப்பையின்மேல் கையை வைத்து மூடிவிட்டார். அந்தக் காட்சி புகைப்படமாக இன்றும் இருக்கிறது. மூன்றாண்டு கழித்து, 1969 ஜூன் 28 அதிகாலையில், கிறிஸ்டோபர் தெருவிலிருந்த ‘ஸ்டோன்வால்’ கடையில் போலீஸார் சோதனையிட்டபோது, அங்கிருந்தவர்கள் பணிந்து செல்ல மறுத்து எதிர்த்து நின்றனர். பல நாள் நீடித்த அக்கிளர்ச்சியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கிளர்ச்சி ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். கோப்பு அப்படி ஓய்வதில்லை. எழுத்தனாகிய நான் அந்தக் கோப்பைப் பின்தொடர்கிறேன்.

1971 ஜனவரியில், நகரசபையில் மசோதா ஒன்று புகுத்தப்பட்டது. நிறம், மதம் என்று முன்பே இருக்கும் பட்டியலில் பாலீர்ப்பு என்பதையும் சேர்க்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அவ்வாண்டே பொது விசாரணைகள் நடைபெற்றன. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எனக்கு வேலை மறுத்தார்கள் என்று சாட்சி சொல்ல ஒருவர் முன்வந்தால், தம்மை இன்னார் என்று பகிரங்கமாகக் கூறியாக வேண்டும். அப்படிக் கூறினால் மறுநாள் இருக்கும் வேலையும் போகலாம். அவரைக் காக்கச் சட்டம் இல்லை. சட்டம் வேண்டும் என்று கேட்பதற்கே சட்டத்தின் காவல் தேவைப்பட்டது.

நான் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை வாடகை வீடு தேடி அலைந்தேன். எந்த ஊர், என்ன பாஷை, என்ன சாப்பாடு என்று கேட்டுவிட்டு, மதராசிகளுக்கு விடுவதில்லை என்று ஒருவர் கதவைச் சாத்தினார். உங்களில் பலருக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆனால் மாலையில் நம் சங்கத்துக்கு வந்து, இன்ன இடத்தில் இப்படிச் சொன்னார்கள் ஐயா என்று வாய்விட்டுச் சொல்லி ஆறுதல் பெற நம்மால் முடிந்தது. நம் வீட்டாரிடமும் சொல்ல முடிந்தது. அந்நகரத்து மனிதர் பலருக்கு, பெற்ற தாயிடமும் அதைச் சொல்ல வழியில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

1972இல் மேயர் ஜான் லிண்ட்சே, நகராட்சி வேலைகளில் இப்பாகுபாடு காட்டக் கூடாது என்று நிர்வாக ஆணை பிறப்பித்தார். அது நகராட்சி ஊழியருக்கு மட்டுமே பயன்படும். தனியார் கம்பெனிக்கும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தாது. 1974 மே மாதம், மசோதா முதன்முறையாகக் குழுவைத் தாண்டி முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் தீயணைப்பு அதிகாரிகளின் சங்கமும் கடுமையாக எதிர்த்தன. ஆதரவு 19, எதிர்ப்பு 22. மூன்று வாக்கில் தோல்வி.

அதன்பின் ஆண்டுகள் கழிந்தன. மசோதா மீண்டும் மீண்டும் வந்தது. குழுவிலேயே தடைபட்டு நின்றது. இதனிடையே உலகம் நின்றுவிடவில்லை. வேறு பல நகரங்கள் இத்தகைய சட்டத்தை இயற்றிவிட்டன. மின்னியாபோலிஸ் நகரம் 1974இலேயே செய்தது. விஸ்கான்சின் மாநிலம் 1982இல், அமெரிக்க மாநிலங்களிலேயே முதலாவதாகச் செய்தது. 1957இல் நாட்டுக்கே வழிகாட்டிய நியூயார்க் நகரம், இப்போது வரிசையில் பின்னே நின்றது.

அடுத்து வந்த மேயர் ஒருவர் எட்வர்டு காச். அவர் பதவியேற்ற 1978ஆம் ஆண்டிலேயே, நகராட்சிப் பணியில் பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். 1980இல் ஒரு படி மேலே சென்று, நகராட்சியோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்களும் இப்பாகுபாடு காட்டலாகாது என்று மற்றோர் ஆணை பிறப்பித்தார். நகராட்சிப் பணத்தில் அநாதை விடுதிகள் முதலியவற்றை நடத்திவந்த மத நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1985இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய கொள்கையை வகுக்கும் அதிகாரம் நகரசபைக்கே உண்டு. மேயர் தம் கையெழுத்தால் மட்டும் அதைச் செய்ய முடியாது என்று கூறி, அந்த ஆணையின் அப்பகுதியை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இத்தீர்ப்பு அன்று பலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நல்ல அதிகாரி ஒருவர் இருக்கும்வரை நமக்கு நன்மை நடக்கும். அவர் மாற்றலாகிப் போனால் நன்மையும் போய்விடும். அதிகாரியின் தயவில் வாழ்வது வேறு. விதியின் பலத்தில் வாழ்வது வேறு. இந்த வேற்றுமையை ரயில்வேக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டுகளில் மற்றொரு துயரமும் சேர்ந்தது. 1981 முதல் எய்ட்ஸ் நோய் அந்நகரத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. நோயுற்றோரும், நோயுற்றிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டோரும் வேலையை இழந்தனர், வீட்டை இழந்தனர். இந்நோயாளிகளுக்கு வைத்தியம் செய்த டாக்டர் ஜோசப் சான்னபெண்டு என்பவரை, அவர் மருத்துவசாலை நடத்திய கட்டடத்திலிருந்தே வெளியேற்ற 1983இல் முயன்றனர். நோயாளியைத் தொட்ட வைத்தியருக்கே அந்தக் கதியென்றால், நோயாளியின் கதியை என்னென்பது!

1985ஆம் ஆண்டின் இறுதியில், சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக நெடுங்காலம் இருந்து மசோதாவுக்குத் தடையாய் நின்ற தாமஸ் கியூட் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் பீட்டர் வல்லோன். இவருக்கும் இம்மசோதாவில் உடன்பாடு இல்லை. ஆயினும் சபையினர் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று வழிவிட்டார். எதிரியாக இருந்தும் வாக்கெடுப்பைத் தடுக்காத அந்தப் பண்பை இங்குப் பாராட்டிச் சொல்வது என் கடமை. கர்தினால் ஓகானர் கடுமையாக எதிர்த்தும், 1986 மார்ச் 20ஆம் நாள் நகரசபை 21க்கு 14 என்ற வாக்கில் மசோதாவை நிறைவேற்றியது. ஏப்ரல் 2ஆம் நாள் மேயர் காச் கையெழுத்திட்டார். சீட்டு ஒட்டப்பட்டது.

அச்சீட்டில் என்ன எழுதியிருந்தது? வேலையிலும் வீட்டிலும், உணவு விடுதி, தங்கும் விடுதி போன்ற பொது இடங்களிலும் பாலீர்ப்பைக் காரணமாகக் காட்டி எவரையும் மறுக்கக் கூடாது. அச்சட்டம் பாலீர்ப்பு என்பதற்குக் கூறிய விளக்கம் சிந்திக்கத்தக்கது. தன்பால் விருப்பம், இருபால் விருப்பம், எதிர்ப்பால் விருப்பம் ஆகிய மூன்றையும் அது சேர்த்தே சொல்லிற்று. ஆகவே அச்சட்டம் எல்லோரையும் காக்கிறது. இங்கு அமர்ந்திருக்கும் கணவன் மனைவியர் அந்நகரத்துக்குக் குடிபோனால், அவர்களையும் காக்கும். எந்த ஒரு வாழ்க்கை முறையையும் இச்சட்டம் ஆமோதிப்பதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்றும், இதனால் வேலையில் இட ஒதுக்கீடு எதுவும் ஏற்படாது என்றும் அதிலேயே எழுதிவைத்தனர். மத நிறுவனங்களுக்கு விலக்குகள் இருந்தன. நான்கு பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் சிறு கடைகளும், உரிமையாளர் தாமே குடியிருக்கும் இரு குடித்தன வீடுகளும் நகரத்தின் பாகுபாட்டுச் சட்ட வரம்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தன.

இனி, வீட்டைப் பற்றிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். தாய்மார்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். மன்ஹாட்டனில் 54ஆவது தெருவில், வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடு ஒன்றில் லெஸ்லி பிளாஞ்சர்டு என்பவரும் மிகுவேல் பிராஷி என்பவரும் பத்தாண்டுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தனர். வீடு பிளாஞ்சர்டின் பெயரில் மட்டும் இருந்தது. 1986 செப்டம்பரில் அவர் காலமானார். பிராஷி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரக் கம்பெனி நோட்டீஸ் கொடுத்தது. இறந்த குடித்தனக்காரரின் கணவன், மனைவி அல்லது குடும்பத்தைச் சேர்ந்த வேறொருவர் உடன் வாழ்ந்திருந்தால் அவரை வெளியேற்றலாகாது என்பது விதி. ஆனால் குடும்பம் என்றால் யார் என்று அவ்விதியில் விளக்கம் இல்லை.

எங்கள் அலுவலகத்திலும் நாள்தோறும் எழும் கேள்வி இதுவே அன்றோ? பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் குவார்ட்டர்ஸில் தொடர்ந்து இருக்கத் தக்கவர் யார், பாஸ் யாருக்கு, பணம் யாருக்கு என்று குடும்பப் படிவத்தை எடுத்துப் பார்க்கிறோம். படிவத்தில் பெயர் இல்லாதவர், இருபது ஆண்டு உடனிருந்து கஞ்சி வடித்துக் கொடுத்தவராயினும், வாசலில்தான் நிற்க வேண்டும்.

1989 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், குடும்பம் என்பதைத் திருமணப் பத்திரத்தையோ தத்துப் பத்திரத்தையோ மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றது. எத்தனை காலம் ஒன்றாக வாழ்ந்தனர், வரவு செலவை எவ்வாறு பகிர்ந்தனர், ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்து நின்றனர் என்பனவற்றைக் கொண்டு பார்க்க வேண்டும் என்று கூறி, பிராஷியின் கோரிக்கையை ஏற்றது. இத்தீர்ப்பு வாடகைக் கட்டுப்பாட்டு விதியின்கீழ் வந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்ததன்று. ஆயினும் இரண்டும் ஒரே நகரத்தில் மூன்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை.

அதன்பின் சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நகரத்தின் சட்டம் 1991இல் வலுப்படுத்தப்பட்டு, பாதிக்கப்பட்டவர் தாமே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை வந்தது. திருநங்கை, திருநம்பியர்க்குரிய பாதுகாப்பு 2002இல் நகரத்தின் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலமும் பாலீர்ப்புப் பாகுபாட்டைத் தடைசெய்து, அச்சட்டம் 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திருமண உரிமை மாநிலத்தில் 2011இல் வந்தது.

நாடு முழுமைக்கும் வேலைப் பாதுகாப்பு வந்ததோ 2020 ஜூன் 15ஆம் நாளில்தான். 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டமே இதற்குப் போதும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் அடங்கிய மூவருள் ஒருவர் டொனால்டு ஸர்டா. அவர் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வானிலிருந்து பாராசூட்டோடு குதிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக இருந்து 2010இல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர். தீர்ப்பு வந்தபோது அவர் உயிருடன் இல்லை; 2014இலேயே ஒரு விபத்தில் காலமாகிவிட்டார். சீட்டு தாமதமாக வந்தால் அதைப் பெறவேண்டியவர் காத்திருக்க மாட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நிற்க. நம் நாட்டின் நிலை என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். 2018 செப்டம்பர் 6ஆம் நாள் நம் உச்சநீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, வயது வந்தோர் இருவரின் மனமொத்த உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோரை மருந்தால் மாற்றுகிறோம் என்னும் முயற்சிகளைத் தடைசெய்ய வழிகாட்டினார். 2023இல் திருமண உரிமையை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. 2024இல் மத்திய அரசு, இத்தகைய துணைவர் இருவர் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றும், ரேஷன் அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும் அறிவித்தது. இவையெல்லாம் நல்ல அறிகுறிகளே. ஆயினும் தனியார் வேலையிலும் வாடகை வீட்டிலும் பாலீர்ப்பைக் காரணமாகக் காட்டி மறுக்கலாகாது என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இயற்றப்படவில்லை. மேயர் லிண்ட்சேயின் ஆணையைப் போன்றவை நம்மிடம் சில உள்ளன; 1986ஆம் ஆண்டின் சீட்டைப் போன்றது ஒன்று இல்லை.

இதைச் சட்டசபைகள் செய்யட்டும் என்று நாம் இருந்துவிடலாமா? நம் காலனியிலும் ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது, அது அச்சிடப்படாதது. யாருக்கு மாடியறையை விடுவது, யார் வந்தால் நாற்காலி போடுவது, எந்தப் பிள்ளையைப் பற்றிக் குழாயடியில் என்ன பேசுவது என்பன அதில் அடங்கியிருக்கின்றன. அந்தப் புத்தகத்தைத் திருத்த நகரசபை வேண்டியதில்லை. மேலிடத்து உத்தரவும் வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுள் ஒருவனோ ஒருத்தியோ நாளை நம்மிடம் வந்து, “அப்பா, நான் இப்படி” என்று சொல்லக்கூடும். அப்போது அப்பிள்ளை பதினைந்து ஆண்டு காத்திருக்கும்படி நாம் செய்துவிடக் கூடாது.

ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் வேலையும் கூரையும் கிடைத்ததால்தான் இன்று இந்தப் பந்தலில் ஒன்றுகூடி விழாக் கொண்டாடுகிறோம். நமக்குக் கிடைத்த அந்த இரண்டும் எவருக்கும், அவர் யாரை நேசிக்கிறார் என்பதற்காக மறுக்கப்படலாகாது என்னும் என் கருத்தை உங்கள் முன் வைத்து, என் உரையை நிறைவு செய்கிறேன்.